மேல்காற்றுக்கு எத்தனை பல்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எம்டிபி எனப்படும் மலைத்தட சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் காதில் இப்போது முதலில் விழுவது, "முன்னால ஒரே செயின்வீல்தான் லேட்டஸ்ட், ரெண்டு உள்ளதெல்லாம் பழசு" என்ற பேச்சு. இது பாதிதான் சரி. செயின்வீல் என்பது பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்; பின்னால் எத்தனை பல்சக்கரம் என்று பார்க்காமல் முன்னால் ஒன்றா இரண்டா என்று தீர்மானிக்கவே முடியாது.

ஒற்றையில் முன்னால் 32 பல், பின்னால் 11 முதல் 50 வரை 12 சக்கரம் என்று வைத்துக்கொள்வோம். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தால் லேசான கியர் 0.64, கனமான கியர் 2.91. இரட்டையில் முன்னால் 36, 26. பின்னால் 11 முதல் 36 வரை 10 சக்கரம். அதில் 0.72, 3.27. ஏற்றத்தில் ஒற்றை லேசு. 29 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 80 மிதி மிதித்தால் ஒற்றை 32 கி.மீ. வேகம் தரும், இரட்டை 36 தரும். லேசான கியருக்கும் கனமான கியருக்கும் உள்ள மொத்த வீச்சு இரண்டிலும் நாலரை மடங்குதான். 36, 22 உள்ள இரட்டை கிடைத்தால் ஏற்றத்திலும் அதுவே முந்தும்.

நம் ஊரில் வித்தியாசம் தெரிவது கியருக்குக் கியர் உள்ள இடைவெளியில். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை எதிர்த்து ஆலங்குளம் ரோட்டில் மிதிப்பவருக்கு ஒரு கியர் கனமாகவும் அடுத்தது காலில் பிடிப்பே இல்லாமலும் இருந்தால் பத்து கிலோமீட்டரில் முட்டி சொல்லிவிடும். மேலே சொன்ன 12 சக்கர ஒற்றையில் சராசரி இடைவெளி 15 சதவீதம், 10 சக்கர இரட்டையில் 14. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் விலை குறைந்த ஒற்றைகளில் 11 முதல் 46 வரை வெறும் 9 சக்கரம் வருகிறது. இடைவெளி 20 சதவீதம். ஒரு கியர் கனம் கூட்டினால் 80 மிதி 67-க்கு இறங்கிவிடும். அந்தப் பணத்துக்கு 9 சக்கர இரட்டையே மேல்.

களக்காடு, திருக்குறுங்குடி பக்கம் அடிவாரத்தில் கல்லும் வேருமான தடத்தில் ஓட்டுகிறவர் ஒற்றையையே வாங்கலாம். அதன் முன்பல் ஒன்றுவிட்டு ஒன்று தடித்தும் மெலிந்தும் இருக்கும். செயினைப் பல் மாற்றிவிடும் பின் டெரைலரில், செயினைத் தொய்யவிடாமல் இறுக்கிப் பிடிக்கும் கிளட்ச் இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் குலுக்கலில் செயின் விழாமல் பிடிக்கின்றன. இரட்டையிலோ கரிசல் சேறு முன் டெரைலரில் அப்பும். சின்னச் செயின்வீலின் பல் தேய்ந்திருந்தால் செயினை விடாமல் மேலே இழுத்து ஃபிரேமோடு சிக்கவைத்துவிடும். முன் டெரைலரின் கூண்டு பெரிய பல்லுக்கு மேல் 1 முதல் 3 மி.மீ. உயரத்தில், செயின்வீலுக்கு இணையாக நிற்க வேண்டும். உரசல் புகார் பெரும்பாலும் இங்கேதான் தீரும்.

செய்யவே கூடாத வேலை ஒன்று உண்டு. முன்னால் 42, 32, 22, பின்னால் 14 முதல் 28 வரை ஏழு சக்கரம் உள்ள சைக்கிளில் முன்னால் இரண்டைக் கழற்றி 32-ஐ மட்டும் விட்டு "ஒற்றையாக்குவது". லேசான கியர் 0.79-லிருந்து 1.14-க்கு ஏறிவிடும், பாபநாசத்துக்கு மேலே காரையாறு ரோட்டில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அந்த 32-இன் பற்கள் செயின் எளிதாக மாறுவதற்கென்றே குட்டையாக வெட்டப்பட்டவை, குலுங்கினால் உதறிவிடும். பின்னால் இருப்பது மரை போட்டுத் திருகும் ஃப்ரீவீல் என்பதால் பெரிய காசெட்டும் (ஹப்பில் செருகும் பல்சக்கர அடுக்கு) ஏறாது, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பையே மாற்ற வேண்டும். அதற்குப் பதில் 14 முதல் 34 வரை உள்ள ஏழு சக்கர ஃப்ரீவீல் போடுங்கள். டெரைலர் 34 பல்லைத் தாங்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திசையன்விளை பக்கத் தேரி மணலுக்கு ஒற்றை, இரட்டை பேதமில்லை. தேங்காய் எண்ணெயோ கழிவு ஆயிலோ விட்ட செயினில் அது அரைக்கும் மாவாக ஒட்டிக்கொள்ளும். மெல்லிய செயின் ஆயிலை இணைப்புக்கு ஒரு சொட்டு விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். 12 சக்கரச் செயினைத் தேய்மானக் கருவியில் 0.5 (செயின் நீண்ட சதவீதம்) காட்டும்போதே மாற்றுங்கள். 9, 10 சக்கரத்தில் 0.75 வரை பொறுக்கலாம். தாமதித்தால் காசெட்டும் போகும், 12 சக்கரக் காசெட்டின் விலை கையைக் கடிக்கும்.

ஒற்றை வாங்குகிறவர் கடையிலேயே ஒன்றைச் சோதித்துவிடலாம். பின்னால் ஆகப் பெரிய பல்லில் செயினைப் போட்டு, பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று சுற்றுங்கள். செயின் தானாக அடுத்த பல்லுக்கு இறங்கினால் செயின் ஓடும் கோடு சரியில்லை. சரிசெய்து தரச் சொல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

— சைக்கிள் மெக்கானிக்குகள் இருவர், பாளையங்கோட்டை