கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் இயந்திரத்துக்கு எதற்கு வரி?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட், சிட்கோ பட்டறைகளிலிருந்து ஜெர்மனி, துபாய் கண்காட்சிகளுக்கு மாதிரி இயந்திரம், அளவுக் கருவி கொண்டு போகிறவர்களில் சிலர், திரும்பி வரப்போகிற பொருளுக்கே அங்கு இறக்குமதி வரி கட்டிவிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற அலைகிறார்கள். இந்த அலைச்சலே வேண்டாம் என்றுதான் 1961-ல் ஏ.டி.ஏ. கார்னெட் ஒப்பந்தம் போடப்பட்டது. தற்காலிகமாகக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வரும் பொருளுக்கு, வரி கட்டாமல் சுங்கத்தில் காட்டும் ஆவணமே கார்னெட். சுமார் 80 நாடுகள் இதை ஏற்கின்றன. இந்தியாவில் இதை ஃபிக்கி என்ற தொழில் வர்த்தகக் கூட்டமைப்பு வழங்குகிறது, ஓராண்டு செல்லும்.

பெரும்பாலான சிக்கல் கார்னெட்டோடு சேர்ந்த பொருள் பட்டியலில் தொடங்குகிறது. இயந்திரத்தில் பொறித்த வரிசை எண், எடை, மதிப்பு, தயாரான நாடு எல்லாம் உள்ளபடி இருக்க வேண்டும். ஓர் எண் மாறினாலும் சுங்க அதிகாரி நிறுத்திவிடுவார். கார்னெட் வாங்கிய பின் பட்டியலில் ஒரு ஸ்பேனரைக்கூடச் சேர்க்க முடியாது. குறைத்துக் கொண்டு போகலாம். கண்காட்சியில் தீர்ந்துபோகும் எண்ணெய், இலவசமாகக் கொடுக்கும் கையேடு, விற்கப்போகும் பொருள் ஆகியவற்றை இதில் எழுதவே கூடாது.

அடுத்தது முத்திரை. பெங்களூரு விமான நிலையத்தில் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முன்பே பொருளையும் கார்னெட்டையும் சுங்கத்தில் காட்டி, கார்னெட்டில் உள்ள மஞ்சள் தாளில் முத்திரை வாங்க வேண்டும். கண்காட்சி நடக்கும் நாட்டில் இறங்கும்போதும் அங்கிருந்து கிளம்பும்போதும் வெள்ளைத் தாள்; வழியில் இன்னொரு நாட்டைக் கடந்தால் நீலத் தாள். இறங்கும்போது அதிகாரி எழுதும் 'திரும்ப எடுத்துச் செல்ல வேண்டிய கடைசி நாள்' கார்னெட்டின் ஓராண்டை விடக் குறைவாக இருக்கலாம். அதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று, அந்த நாட்டிலிருந்து கிளம்பும்போது வாங்க வேண்டிய முத்திரையை விட்டுவிடுவதே மிகப் பெரிய இழப்பு. பொருள் இன்னும் அந்த நாட்டில்தான் இருக்கிறது என்று கருதி, மாதங்கள் கழித்து வரியும் அதற்கு மேல் 10 சதவீதம் வரையும் கேட்டுக் கடிதம் வரும். ஊர் திரும்பியதும் இங்கு வாங்கிய மறு இறக்குமதி முத்திரைதான் அப்போது கைகொடுக்கும். அதையும் வாங்காதவர்களுக்கு, பொருள் இங்கே இருப்பதைச் சுங்கத்துறை பார்த்துச் சான்று தர வேண்டியிருக்கும்.

விதிகளும் படிவங்களும் தமிழில் இல்லாததால் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைகள் முகவர் சொன்னதை நம்பிக் கையெழுத்திடுகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையம் ஓசூரில் ஒருநாள் முகாம் நடத்தி, மாதிரிப் பட்டியல் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு நிரப்பிக் காட்ட வேண்டும். சுங்க அதிகாரி ஒருவரையும் அழைக்க வேண்டும்.

ஏற்றுமதி ஆவணப் பணியாளர்கள்,
ஓசூர்.