கல்விக் கடன் விஷயத்தில் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

இந்தப் பள்ளித் தவணை நல்லபடியாக முடிந்தது. மழைக்கு நடுவிலும் விளையாட்டுப் போட்டியை நடத்தி முடித்தோம், கதை சொல்லும் போட்டியில் நம் பிள்ளைகள் மாவட்டம் வரை போய் வந்தார்கள். கூட்டுப்பணிக்கு வந்து கால்வாயைச் சுத்தம் செய்தவர்களுக்கும் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவர்களுக்கும் நன்றி.

சரி, எழுத வந்த விஷயம் வேறு. இங்கே படித்துவிட்டுப் போன உங்கள் மூத்த பிள்ளைகள் எஸ்.பி.எம், எஸ்.டி.பி.எம் ஆகிய இடைநிலைப் பள்ளித் தேர்வுகளை முடித்து மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததும், ஆவண நகல்களில் கையெழுத்து வாங்கவும் பி.டி.பி.டி.என் எனும் நம் மலேசிய அரசாங்கக் கல்விக் கடனுக்கு வழி கேட்கவும் என்னிடம் வருகிறார்கள். வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் கடைசி நேரத்தில் வருகிறார்கள்.

போன வாரம் பள்ளி விட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். மூன்று நாளில் பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் அப்பாவின் சம்பளச் சீட்டு நாலாக மடித்துக் கிடந்தது, மடிப்பு கிழிந்து, தொகை இருந்த இடத்தில் எழுத்தே மங்கிப் போயிருந்தது. எஸ்.எஸ்.பி.என் எனும் கல்விச் சேமிப்புக் கணக்கும் இல்லை. இடம் கிடைத்தால் அரசாங்கம் தானாகப் பணம் போட்டுவிடும் என்று வீட்டில் நினைத்திருந்தார்களாம்.

அப்படி எதுவும் தானாக வராது. பி.டி.பி.டி.என் 1997-இல் தொடங்கிய கல்வி நிதிக் கழகம், அது தருவது கடன், ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணத்தோடு திருப்பிக் கட்ட வேண்டியது. விண்ணப்பிக்க எஸ்.எஸ்.பி.என் சேமிப்புக் கணக்கு இருந்தாக வேண்டும். எஸ்.டி.ஆர் எனும் அரசாங்க உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைக்கு முழுத் தொகை வரை கிடைக்கும், வருமானம் கூடக்கூட அது 75, 50 விழுக்காடு என்று குறையும். பணம் கைக்கு வருவதற்குள் பதிவு நாள் வந்துவிடும் என்பதால், அரசுப் பல்கலைக்கழகம் போகும் எஸ்.டி.ஆர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 ரிங்கிட் முன்பணம் கொடுப்பதுண்டு, பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். இது தெரியாமல் நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் தோட்டத்திலேயே இருக்கின்றன, எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

தனியார் கல்லூரி என்றால், அந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா, கடன் கிடைக்குமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பதிவுப் பணத்தைக் கட்ட வேண்டும், வீட்டுக்கே வந்து இனிக்க இனிக்கப் பேசுகிறவர் சொல்வதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள்.

இன்னொன்றைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அசல் இல்லாமல் எந்த நகலிலும் கையெழுத்துப் போட மாட்டேன், நீங்கள் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. சம்பளத்தைக் குறைத்து எழுதிக் கொடுங்கள் என்று என்னிடமோ அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடமோ கேட்காதீர்கள், பொய் என்று தெரிந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளை. இணையக் கணக்கின் கடவுச்சொல்லைக் கடைக்காரரிடம் கொடுத்து விண்ணப்பப் பாரம் நிரப்பச் சொல்வதையும் நிறுத்துங்கள்.

தோட்டத்தில் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு ஓடி வருகிறீர்கள், இணையமும் சில லய வீடுகளில் சரியாக எடுப்பதில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும். ஈப்போ நகரத்துக் கடன் அலுவலகம் வரை போய் அலைய ஒருநாள் சம்பளம் போகும் என்பதும் தெரியும். அதனால்தான் பள்ளி திறந்ததும் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கணினி அறையில் நானும் இரண்டு ஆசிரியர்களும் உட்காரப் போகிறோம். அடையாள கார்டு, பிறப்புப் பத்திரம், இடம் கிடைத்த கடிதம், அண்மைய மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றின் அசலோடும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தைப் பிள்ளையே செய்யட்டும், பக்கத்தில் இருந்து நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நம் பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 20 ரிங்கிட் இருந்தால் எஸ்.எஸ்.பி.என் கணக்கு திறக்கலாம். மாதாமாதம் முடிந்ததைப் போட்டு வாருங்கள், பதினேழு பதினெட்டு வயதில் அது பேருதவியாக இருக்கும்.

அந்தப் பெண்ணின் அப்பா மறுநாள் காலை ஆறரைக்கே புதுச் சம்பளச் சீட்டோடு வாசலில் நின்றார், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் உடுப்போடு. அவருக்கும், கேட்டதும் கையைக் கொடுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும், உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்