பெயர் மறைத்து ஒயின் ருசி: நவம்பர் 14, சனி மாலை 6 மணி

லண்டன் நண்பர்களுக்கு வணக்கம். தீபாவளி முடிந்த அடுத்த சனிக்கிழமை எங்கள் வீட்டில் கூடுகிறோம். டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ், ஆல்டி, லிடில் போன்ற கடைகள் சொந்தப் பெயரில் விற்கும் சிவப்பு ஒயின் மட்டும். 1976இல் பாரிஸில் பெயரை மறைத்து ருசி பார்த்தபோது, பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியா ஒயினுக்கு முதலிடம் தந்தார்கள். நம் நாக்கு என்ன சொல்கிறது, பார்ப்போம்.

1. இரண்டு பேருக்கு ஒரு பாட்டில். எல்லாமே மால்பெக், 10 பவுண்டுக்குள். திராட்சை வகை மாறினால் ஒப்பிட முடியாது.
2. மூடியையும் கழுத்துத் தாளையும் வீட்டிலேயே எடுத்துவிட்டு, வேறு தக்கையால் அடைத்து, காகிதப் பையில் சுற்றிக் கொண்டு வாருங்கள். மூடியைப் பார்த்தே கடையைச் சொல்லிவிடுவார்கள். எண் நான் ஒட்டுகிறேன்.
3. ஆளுக்கு 50 மில்லி ஊற்றுவோம். துப்ப கிண்ணம் உண்டு, கூச்சம் வேண்டாம்.
4. சென்ட் பூசாமல் வாருங்கள், வாசனையே தெரியாமல் போய்விடும்.
5. மதிப்பெண் போடும்வரை ரொட்டியும் தண்ணீரும்தான். முறுக்கு, மிக்சர் அப்புறம்.
6. கார் வேண்டாம், ரயிலில் வாருங்கள்.

வருகிறவர்கள், எந்தக் கடை பாட்டில் என்பதை இங்கே போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். புதன் இரவுக்குள் சொன்னால் கிளாஸ் எண்ணி வைக்க வசதி.