சீல் வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டீஸ் குடுங்க

கடைகளுக்கு லைசென்ஸ் குடுக்கற, சீல் வைக்கற அதிகாரிகளுக்கும் அவங்களுக்கு மேல இருந்து விதி போடறவங்களுக்கும் வணக்கம்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அயனாவரத்துல எங்க சித்தியோட மாவு கடைக்கு சீல் வெச்சீங்க. காரணம் உங்களுக்கே தெரியும், டிரேட் லைசென்ஸ் புதுப்பிக்கல. பணம் கட்டாம இல்லைங்க, கட்டின ரசீது இருக்கு. ஹவுஸ் ஓனர் இறந்துட்டாரு, வாடகை அக்ரிமென்ட்ல பேர் மாறணும்னு அப்ளிகேஷனை நிறுத்தி வெச்சிருக்கீங்க, ஆனா அதை சித்திகிட்ட ஒரு வார்த்தை சொல்லல, ஒரு துண்டுக் காகிதம் கூட வரல.

சீல் வைக்க வந்தவங்க மெயினை ஆஃப் பண்ணிட்டு ஷட்டரை இறக்கிட்டாங்க. உள்ள ஃப்ரிட்ஜ்ல சனி, ஞாயிறு வியாபாரத்துக்கு அரைச்ச நாப்பது கிலோ மாவு. அதை மட்டும் எடுத்துக்கறேன் சார்னு சித்தி கெஞ்சினாங்க, விடல. கரன்ட் இல்லாத ஃப்ரிட்ஜ்ல மாவு என்ன ஆகும்? மறுநாள் மத்தியானம் பொங்கி வழிஞ்சு ஷட்டருக்கு அடியில தெருவுக்கு வந்துடுச்சு. அறுபத்தி ரெண்டு வயசுல அவங்க வாசல்ல உக்காந்து பக்கெட்டும் துணியுமா அதைத் தொடைச்சாங்க, எதிர் வீட்டுக்காரங்க பாத்துட்டு நின்னாங்க. தினம் காலைல பன்னெண்டு கிலோ வாங்கற கையேந்தி பவன்காரர் வேற கடைக்குப் போயிட்டாரு, இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல. புதன்கிழமை ஃபைன் வாங்கிட்டு சீலை எடுத்தீங்க. சீல் வெச்சதுக்கான ஆர்டர் காப்பி கேட்டோம், இன்னும் தரல.

நான் கேக்கறது ஒண்ணுதான். சீல் வைக்கறதுக்கு முன்னாடி காரணத்தை எழுத்துல குடுங்க, சரி பண்ண பதினாலு நாள் டைம் குடுங்க. பதினாலுங்கறது நானா சொல்லல. 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 32-வது பிரிவுல, கடை சுத்தமா இல்லைன்னா கூட பொதுவா முதல்ல நோட்டீஸ், குறைஞ்சது 14 நாள் அவகாசம், அதுக்கப்புறம்தான் லைசென்ஸ் மேல கை வைக்கலாம்னு இருக்கு. அழுக்குக்கே 14 நாள்னா, செத்துப்போன ஹவுஸ் ஓனர் பேருக்கு 14 மணி நேரம் கூட கிடையாதா?

இதே மெட்ராஸ்ல 1952-ல ராஜாஜி முதலமைச்சரா வந்து உணவு தானியத்து மேல இருந்த கன்ட்ரோலை எடுத்தாரு. 1959-ல இங்கதான் சுதந்திராக் கட்சியை ஆரம்பிச்சு எதுக்கெடுத்தாலும் அரசாங்க அனுமதி கேக்கற லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் வேணாம்னு ஊர் ஊராப் பேசினாரு. அந்த ராஜ்யம் டெல்லில பெரிய கம்பெனிக்காரங்களுக்கு 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்தோட பெரும்பாலும் போயிடுச்சு, தெருமுனைக் கடைக்காரங்களுக்கு மட்டும் போகவே இல்லை. 2022-ல சென்னையோட பழைய மாநகராட்சிப் பகுதில சொத்து வரியை, கட்டடத்தைப் பொறுத்து, 50 முதல் 150 சதவீதம் வரைக்கும் கூட்டினாங்க, அது வாடகையா யார் தலைல விழுந்துச்சுன்னு நினைக்கறீங்க? 2023-ல பெண்களுக்கு மாசம் 1000 ரூபாய் உரிமைத்தொகை குடுக்க ஆரம்பிச்சதை நான் குறை சொல்ல வரல, ஆனா சித்தப்பா போனதுலேருந்து பதினோரு வருஷமா யார்கிட்டயும் கை நீட்டாம ரெண்டு பொண்ணுங்களைப் படிக்க வெச்ச ஒரு அம்மாவுக்கு, நீங்க குடுக்கறதை விட அவங்க சம்பாதிக்கறதைத் தடுக்காம இருக்கறதுதான் பெருசு. குடும்பத்தைக் காப்பாத்த அவங்களுக்குத் தெரியும்.

எங்கேயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. விதியே வேணாம்னு சொல்லல, எலி ஓடற கடையை மூடுங்க, எடையில ஏமாத்தறவனைப் பிடிங்க. ஆனா பேப்பர்ல குறை இருந்தா முதல்ல எழுத்துல நோட்டீஸ், 14 நாள் டைம். அப்பவும் சீல் வைக்கணும்னா கெட்டுப்போற பொருளை எடுத்துக்க ஒரு மணி நேரமாவது விடுங்க. சித்தி கேட்ட அந்த ஆர்டர் காப்பியையும் தயவுசெஞ்சு குடுத்துடுங்க. பேர் மாத்தின அக்ரிமென்ட்டைக் கவுன்ட்டர்ல குடுத்து மூணு வாரம் ஆச்சு.