செந்திலுக்கு: கையில கோளாறு இல்லடா

டேய் செந்தில்,

அம்மா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு ரகு சொன்னான், சந்தோஷம். இங்க எல்லாரும் சௌக்கியம். இப்ப விஷயத்துக்கு வரேன்.

‘கை வேகம் போயிடுச்சு, இந்த கவுன்டர் ஸ்ட்ரைக் துப்பாக்கி கேமையே விட்டுடப் போறேன்’னு எழுதியிருக்கியே, அதப் படிச்சதுலேர்ந்து மனசு கேக்கல. நீ அனுப்பின டெமோவ, அதான் மிராஜ் மேப்ல நீ ஆடின ஆட்டத்தோட பதிவ, மெதுவா ஓட்டிப் பாத்தேன். உன் கைக்கு ஒண்ணும் ஆகல. நீ நிக்கிற இடம்தான் உன்னைக் கொல்லுது.

சுவர ஒட்டிக்கிட்டே நிக்கிற. பாக்குற கண்ணு உடம்புக்கு நடுவுல இருக்கு, தோள் பக்கவாட்டுல நீட்டிட்டு நிக்குது. மூலைய ஒட்டி வந்தா, உனக்கு எதிரி தெரியறதுக்குள்ள உன் தோள் அவனுக்குத் தெரிஞ்சிடும். மூலைக்கு யாரு தள்ளி நிக்கிறானோ, அவனுக்குத்தான் மத்தவன் முதல்ல தெரிவான். அதனால ரெண்டு மூணு எட்டு பின்னால நில்லு.

அப்புறம் பெட்டிக்குப் பின்னால ஒளியற அந்த மோகம்! தலைய மட்டும் காட்டினா பத்திரம்னு நினைக்கிற. நல்லா ஆடறவன் குறி வைக்கிற க்ராஸ்ஹேர எப்பவும் தலை உயரத்துலதான் வச்சுக்கிட்டு வருவான். நீ சரியா அங்கயே தலைய வைக்கிற. ஏகே-47க்கு ஹெல்மெட் போட்ட தலைன்னாலும் ஒரே குண்டு. பெட்டி மரமா இருந்தா இன்னும் மோசம். டஸ்ட்2 மேப்போட நடுப்பகுதியான மிட்ல இருக்கிற மரக்கதவுக்குப் பின்னால நின்னா நீ மறைஞ்சிருக்க, அவ்வளவுதான். குண்டு துளைச்சுக்கிட்டு வரும்.

வெளிய எட்டிப் பாக்கும்போது ஓடிக்கிட்டே சுடாத, குண்டு கண்ட இடத்துக்குப் போகும். ‘டி’ கீய அழுத்தி வலப்பக்கம் வந்தா, அத விட்டுட்டு எதிர்ப்பக்க ‘ஏ’ கீய ஒரு தட்டு தட்டு. உடனே நிப்ப, அப்ப சுடு. அடுத்த நொடி பழைய மறைவுக்குள்ள போயிடணும். எதிர்ல ஏடபிள்யூபி ஸ்னைப்பர் துப்பாக்கிக்காரன் இருந்தா தோள மட்டும் காட்டி இழுத்துக்கோ. அவன் சுட்டுட்டா அடுத்த குண்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகும். முழுசா வெளிய வர அதுதான் நேரம்.

ஒருத்தன வீழ்த்தினதும் அதே இடத்துல மறுபடி எட்டிப் பாக்குற பாரு, எனக்கு எரிச்சலே அங்கதான். செத்தவன் நீ எங்க நிக்கிறன்னு கூட்டாளிங்ககிட்ட சொல்லியிருப்பான். மிராஜ்ல பாம் வைக்கிற இடமான ஏ சைட்ல, ட்ரிபிள்னு சொல்ற பெட்டி அடுக்குலேர்ந்து ராம்புங்கிற சரிவுல ஒருத்தன அடிச்சா, உடனே இடத்த மாத்து. கனெக்டர்ங்கிற இணைப்புப் பாதை வழியா எவனாவது வந்தா அந்தப் பெட்டி உனக்கு மறைவே இல்ல. ரகு உனக்கு ‘பிரேக் இல்லாத வண்டி’ன்னு சும்மாவா பேர் வச்சான்?

பாம் வச்சப்புறமாவது பொறுமையா இருடா. அது வெடிக்கிற வரைக்கும் 40 விநாடி உன் பக்கம் ஓடுது. அத டிஃப்யூஸ் பண்ண, அதான் செயலிழக்க வைக்க, கிட்ங்கிற கருவி இருந்தா 5 விநாடி, இல்லன்னா 10. தேடி வரவேண்டியது எதிரணிதான். டிஃப்யூஸ் சத்தம் கேட்டதும் வெளிய வந்தா, கிட் உள்ளவன்கூட 5 விநாடி அசையாம உக்காந்திருக்கணும், இல்லன்னா பாதியில விட்டுட்டு உன்னோட மோதணும். நீ என்னடான்னா முதல் பத்து விநாடியிலயே ஆள் தேடிக் கிளம்பிடுற.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு வா, ரகுவையும் கூப்பிடு. மிராஜ் ஏ சைட்ல மட்டும் ஆடுவோம். மூலைலேர்ந்து எவ்வளவு தள்ளி நிக்கணும்னு ஒவ்வொரு இடமா பாத்துடலாம். அதுவரைக்கும் எதையும் அன்இன்ஸ்டால் பண்ணித் தொலைக்காத.

அன்புடன்,
முரளி