அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி இல்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய அமெரிக்கப் பெண்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நம் பத்திரிகைகளில் அதிகம் வராத விஷயம், எழுதியதற்கு நன்றி. ஆனால் "38 பெண் விமானிகள் எதிரியோடு போராடி வீரமரணம் அடைந்தனர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அந்த வரி தப்பு. அந்த 38 பேரில் ஒருவரைக்கூட எதிரி சுடவில்லை. பயிற்சியில் 11 பேர், பணியில் 27 பேர், எல்லோரும் சொந்த நாட்டுக்குள்ளேயே விபத்துகளில் இறந்தவர்கள். வாஸ்ப் (விமானப்படைச் சேவைப் பெண் விமானிகள்) என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட அவர்களுடைய அமைப்பைத் தொடங்கியதே, ஆண் விமானிகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டு உள்நாட்டு வேலைகளைப் பெண்களிடம் கொடுக்கத்தான். தொழிற்சாலையிலிருந்து புது விமானத்தை எடுத்துப்போய்ச் சேர்ப்பது, பழுது பார்த்து வந்ததை ஓட்டிப் பார்ப்பது, விமான எதிர்ப்பு பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காகப் பின்னால் துணி இலக்கை இழுத்துக்கொண்டு பறப்பது. (கீழே இருந்து சுட்டது நிஜக் குண்டு. இதையும் கட்டுரையில் காணோம்.)

சரி, விபத்தில் இறந்தால் என்ன, சண்டையில் இறந்தால் என்ன, உயிர் உயிர்தானே என்று கேட்கலாம். நான் முப்பது வருடத்துக்கு மேல் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், அதனால் விபத்து என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிடும். டிரைவர் ராத்திரி வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது நோட்டில் எழுதுவார், பின் கதவு சரியாகப் பிடிக்கவில்லை, பிரேக் இடது பக்கம் இழுக்கிறது என்று. காலையில் பார்த்தால் ஸ்பேர் இருக்காது, மாற்று வண்டியும் இருக்காது, "இன்னிக்கு ஒரு நடை போயிட்டு வரட்டும், சாயங்காலம் பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு நடை பத்து நடையாகும். அப்புறம் ஒருநாள் ஏதாவது ஆனால் அறிக்கையில் விபத்து என்றுதான் போகும். அப்படி விட்ட வண்டிகளில் என் கையெழுத்தும் உண்டு, மறைப்பானேன்.

அதனால்தான் மேபல் ராலின்சன் கதையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வயது 26. மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் நூலகத்தில் வேலை பார்த்த பெண். 1943 ஆகஸ்ட் 23 ராத்திரி, வட கரோலினாவில் கேம்ப் டேவிஸ் என்ற தளத்தில் ஏ-24 விமானத்தில் இரவுப் பயிற்சி. போர்முனையில் ஓட்டித் தேய்ந்து திரும்பிய விமானங்களைத்தான் அங்கே இவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள், பாகங்களுக்கும் தட்டுப்பாடு. தரையிறங்க வரும்போது விமானம் விழுந்து உடைந்து தீப்பிடித்தது. பின் இருக்கையில் இருந்த பயிற்சியாளர் வெளியே தூக்கி எறியப்பட்டுப் பலத்த காயத்தோடு பிழைத்தார். முன்னால் இருந்த மேபலுக்குத் தலைக்கு மேல் இருந்த கண்ணாடி மூடியைத் திறக்க முடியவில்லை, அதன் தாழ்ப்பாள் வேலை செய்யவில்லை என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம், அந்தக் குறையை அதற்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்ததாகவும் சொல்கிறார்கள். சாப்பாட்டு அறையில் இருந்த தோழிகள் சைரன் கேட்டு ஓடி வந்து பார்த்தால் முன்பக்கம் எரிகிறது, உள்ளே அவள் அலறுவது கேட்கிறது. ஒரு தாழ்ப்பாளை மாற்ற எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கட்டுரையாளர் இதை விட்டுவிட்டு, அதே தளத்தில் அடுத்த மாதம் இறந்த பெட்டி டெய்லர் வுட்டின் எரிபொருளில் யாரோ சர்க்கரை கலந்த கதையை ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். அப்படி ஒரு பேச்சு உண்டுதான். படிக்கவும் விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் சதிகாரன் ஒருவன் கிடைத்துவிட்டால் ஸ்பேர் வாங்காதவனையும் நோட்டைப் படிக்காதவனையும் யாரும் தேட மாட்டார்கள்.

இறந்த பிறகு நடந்தது இன்னும் மோசம். இவர்கள் கணக்கில் ராணுவம் இல்லை, சாதாரண குடிமக்கள். ஆகவே உடலை ஊருக்கு அனுப்ப அரசு காசு தராது. மேபலோடு இருந்த பெண்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், ஒன்றிரண்டு பேர் கூடவே போனார்கள். சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடி போடவும் அனுமதி இல்லை. குடும்பத்தார் கேட்காமல் போட்டுவிட்டார்கள். நல்லது செய்தார்கள். இவர்களை ராணுவத்தில் சேர்க்க 1944 ஜூனில் மசோதா வந்தது, பிரதிநிதிகள் சபையில் 188-க்கு 169 என்று தோற்றது. ராணுவத்துக்குப் போகாமல் உள்ளூரில் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஆண்கள் தங்கள் இடம் போய்விடும் என்று போட்ட சத்தம் அதற்கு ஒரு பெரிய காரணம்.

ஹேசல் யிங் லீ பெயராவது கட்டுரையில் வருகிறது, ஆனால் "சீன வம்சாவளி வீராங்கனை" என்பதோடு சரி. 1944 நவம்பர் 23, மொன்டானாவில் கிரேட் ஃபால்ஸ் தளம். ரஷ்யாவுக்கு அனுப்ப வேண்டிய பி-63 போர் விமானங்கள் அங்கே வரிசையாக இறங்குகின்றன, ஹேசலும் ஒன்றை ஓட்டி வருகிறார். வேறொன்றுக்கு ரேடியோ வேலை செய்யவில்லை. (பாருங்கள், மறுபடியும்.) ஹேசலுக்கு நேர் மேலே அது இறங்கி வர, கோபுரத்திலிருந்து அந்த விமானத்தை மேலே எழும்பச் சொல்கிறார்கள், அந்தக் குரல் ஹேசலுக்குத்தான் கேட்கிறது, அவர் எழும்புகிறார், மோதுகிறது. தீக்காயத்தோடு இரண்டு நாள் இருந்து 25-ஆம் தேதி இறந்தார். மூன்று நாளில் அவர் தம்பி விக்டர் பிரான்ஸில் போரில் இறந்த செய்தியும் அந்த வீட்டுக்கு வருகிறது. இரண்டு பேரையும் புதைக்க போர்ட்லண்டில் இடம் பார்த்தால், ஆசியர்களுக்கு இந்தப் பகுதியில் இடமில்லை என்கிறது கல்லறை நிர்வாகம். போராடித்தான் வாங்கினார்கள். வாஸ்ப் அமைப்பே டிசம்பர் 20 அன்று கலைக்கப்பட்டது, ஹேசல் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இவர்களையும் போர்க்காலப் படையினராக ஏற்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட தேதி 1977 நவம்பர் 23, அந்த மோதல் நடந்து சரியாக 33 வருடம். தற்செயல்தான், ஆனால் காலண்டரைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக அந்தப் படம். நான்கு பெண்கள் பாராசூட்டோடு பி-17 விமானத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே நடந்து வரும் படத்தைப் பெரிதாகப் போட்டு, கீழே "போர்முனைக்குப் புறப்படும் வீராங்கனைகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒஹையோ மாநிலத்து லாக்போர்ன் தளம். அங்கே பி-17 ஓட்டப் பழகிய அந்த நால்வரும் இறந்த 38 பேரில் இல்லை. திருத்தம் போடும்போது கொஞ்சம் இடம் கிடைத்தால் மேபல் ராலின்சன் படத்தைப் போடுங்கள். தேடினால் கிடைக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிப்போ மெக்கானிக்,
திருச்சி