தட்டுக்கு அடியில் புளி

பாளையங்கோட்டை,
ஞாயிறு சாயங்காலம்.

அன்புள்ள தேவதாசுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. வாசிப்பதும் டிராயரில் போடுவதும் மறுபடி எடுப்பதுமாக நாலு நாள் ஓடிவிட்டது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ "சரிடே, சரிடே" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்தது. மூத்தவன் மகள் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். கடையைச் சின்னவன் பார்க்கிறான். எலக்ட்ரானிக் தராசு, பில் மிஷின் என்று ஆளே மாறிவிட்டான். பழைய தராசு பரணில் கிடக்கிறது. அதைப் பற்றி உன்னிடம் சொல்ல ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஒன்றரை வருஷமாகக் கோயிலில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பாட்டெல்லாம் பாடுவாயாம், பந்திக்கு அழைக்கும் நேரம் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிடுவாயாம். தம்பியோடு அந்தப் பனை விளைத் தகராறு தீரும்வரை நீ அபாத்திரன், தகுதியில்லாதவன் என்று பவுலின் கொரிந்தியர் நிருபத்தை வேறு காட்டுகிறாய். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

நானும் எடுத்து வாசித்தேன். 'அபாத்திரமாய்' என்று பவுல் எச்சரிப்பது உண்மைதான். ஆனால் நீ ஒரு வசனத்தோடு நிறுத்திவிட்டாய். அடுத்தது இப்படி: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துவிட்டுப் புசி என்கிறார். சோதித்துவிட்டுச் செருப்பைத் தேடு என்று இல்லை. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்று ஆண்டவர் சொன்னாரே என்பாய். சொன்னார். போகச் சொன்னது தம்பி வீட்டுக்கு, உன் வீட்டுக்கு அல்ல.

தகுதி என்று பொருள்படும் இந்தப் 'பாத்திரம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாரம் முழுக்க வேதத்தைப் புரட்டினேன். வெளிப்படுத்தின விசேஷத்தில் இருபத்துநாலு மூப்பரும் கிரீடங்களைக் கழற்றி வைத்துவிட்டு, "கர்த்தாவே, தேவரீர் பாத்திரராயிருக்கிறீர்" என்கிறார்கள். காரணமும் அங்கேயே இருக்கிறது: நீரே சகலத்தையும் சிருஷ்டித்தீர். அடுத்த அதிகாரத்தில் முத்திரை போட்ட புஸ்தகத்தைத் திறக்க வானத்திலும் பூமியிலும் ஒருவனும் பாத்திரவானாக இல்லை என்று யோவான் அழுகிறான். பிறகு ஒருவரைக் காண்கிறான், அவரோ அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டியான இயேசு. இத்தனை வருஷம் அதைப் பாட்டாகப் பாடியிருக்கிறேன், ஆனால் இந்தத் தடவைதான் எனக்கு உறைத்தது. பாத்திரர் யார் என்ற கேள்விக்குப் பரலோகம் ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று. அந்த இடத்துக்கு நீயோ நானோ மனுப்போடவே இல்லை. நீ செருப்பைத் தேடும்போது உன்னையும் அறியாமல் அந்த இடத்துக்குத்தான் மனுப்போடுகிறாய் என்று நினைக்கிறேன். கோபப்படாதே.

நம்ம ஊர்ப் பாப்பாத்தியம்மாள் கோயில் ஞாபகம் இருக்கிறதா? ஹாஸ்டல் நாளில் அந்தப் பக்கம் எத்தனை தடவை நடந்திருப்போம், ஒரு நாளாவது அவளை நினைத்தோமா? மராட்டிப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு, கல்யாணம் இல்லாமல், வாழ்ந்தவள். ஞானஸ்நானம் கேட்டபோது மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அதைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின் 1778-இல்தான் கொடுத்தார். கிளாரிந்தா என்ற பேர் பெற்றாள். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். அவள் பேரும் அதில் உண்டு. அவள் முயற்சியில் எழுந்த கோயிலை 1785-இல் அதே சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். 'கிளாரிந்தா கோயில்' என்பதைவிட ஊர்வாயில் இன்றும் அது பாப்பாத்தி கோயில்தான். சுவார்ட்ஸ் மறுத்தது சரியா தப்பா என்று நீயும் நானும் ஒரு ராத்திரி முழுக்க வாதாடலாம். எனக்கு ஆச்சரியம் வேறு. மறுத்த பிறகும் அவள் விலகிப் போகவில்லை. உனக்கு யாருமே மறுக்கவில்லை, ஐயா.

இப்போது தராசு. கடை அப்பாவிடமிருந்து என் கைக்கு வந்த புதிதில் சரக்கு வைக்கும் தட்டுக்கு அடியில் ஒரு சுண்டைக்காய் அளவு புளியை ஒட்டி வைத்திருந்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான் என்று மனசுக்கு ஒரு சமாதானம். கருப்பட்டி வாங்க வரும் ஒரு பாட்டி, நம்ம சபைதான், ஒரு நாள் தட்டைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "கோயில்ல எல்லாருக்கும் மேல உன் சத்தம்தானே கேக்கும்?" என்றாள், அவ்வளவுதான். மறுவாரம் எனக்குப் பாட்டே வரவில்லை. புளியைச் சுரண்டி எடுத்தேன். உன்னிடம் இதை இதுவரை சொன்னதில்லை, என் மனைவியும் இது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

அன்று நானும் திருவிருந்துக்குப் போக வெட்கப்பட்டேன். ஆனாலும் போனேன். மேஜையிலிருந்து விழும் துணிக்கையைப் பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று ஜெபிக்கிறோமே, அந்த வார்த்தை வாய்க்குள் அன்றுதான் முதல்முறை கனத்தது. எபேசியர் நிருபத்தில் 'அழைப்புக்குப் பாத்திரவான்களாய்' நடக்கச் சொல்லும் பவுல் உடனே எதைச் சொல்கிறார் பார்: மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை, ஒருவரையொருவர் தாங்குவது. பாட்டு அந்த அதிகாரத்தில் வரவே இல்லை, அடுத்ததில்தான் வருகிறது. நீயும் நானும் வரிசையை மாற்றிப் படித்தவர்கள்.

விளையில் எத்தனை பனை, எந்த வேலி என்ற கணக்கில் நான் தலையிடவில்லை. சட்டப்படி உன் பக்கம் நியாயம் இருக்கலாம், இருக்கட்டும்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு இங்கே திருவிருந்து. சனிக்கிழமையே வந்துவிடு. மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது மூட்டுவலி மாத்திரையை மறக்காதே, போன தடவை மாதிரி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெடிக்கல் தேட வைக்காதே.

இன்னொன்று. போன வாரம் உன் தம்பி கடைக்கு வந்தான். எதுவும் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அண்ணனுக்கு முட்டு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அதை நீயே சொல்லிக்கொள்.

உன்,
ஞானமுத்து